வெள்ளத்தில் கூப்பிட்ட பெயர்

அம்மனை நம்பிக் கூழ் வார்க்க வந்திருக்கும் சொந்தங்களே, குளுவாங்குக்கு அடுத்த ஆற்றோர ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அஞ்சலை பேசுகிறேன். என் வீட்டுக்காரரை ஆறு கொண்டுபோன நாளில் தாய் எனக்கு என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். நடுவில் யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வராது. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மட்டும் வரவில்லை.

என் கஷ்டம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், என் வீட்டுக்காரரின் பெயரில் தொடங்கியது. பினாங்கில் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை அவர். அதனால் தண்ணீர்மலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது எவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன் பாருங்கள். அப்போது சொல்ல முடியாது. கட்டினவர் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என்னை வளர்த்திருந்தார்கள்.

மற்ற பெண்களுக்கு இது ஒரு பாரமே இல்லை. முனியாண்டி, வீராசாமி என்ற பெயர்களை ஒரு நாளில் எத்தனை தடவை சொல்ல வேண்டி வரும்? எனக்கோ காலையில் கண் விழித்தால் தண்ணீர், நிமிர்ந்து பார்த்தால் மலை. மழையையும் நானாகவே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுப் பேச்சில் மழைக்கும் மலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தெரியாமல் பாதிப் பெயரைச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

என்னைக் காப்பாற்றியது மலாய் பாஷைதான். தண்ணீருக்கு ஆயேர், மலைக்கு புக்கிட், மழைக்கு ஊஜான். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் குடும்பம் நடத்தினேன். "ஆயேர் கொதிச்சிருச்சு." "ஊஜான் வருது, துணிய எடுங்க." கடைக்காரர் ரொம்ப நாள் நான் மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் பிறந்து வளர்ந்த பெண் என்றே நினைத்திருந்தார்.

ஒரு நாள் ரப்பர் மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தேன். கண்ணைத் திறந்து, "ஆயேர், ஆயேர்" என்றேன். பக்கத்தில் இருந்த பெண் அப்போதுதான் ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவள். ஐயரைக் கேட்கிறேன் என்று நினைத்து, கோயிலுக்கு ஓடிப் பண்டாரத்தைக் கூட்டி வந்துவிட்டாள். பண்டாரம் மூச்சு வாங்க வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். வாய் மட்டும் காய்ந்தே இருந்தது. பிறகு கையைக் குவித்துக் குடிப்பதுபோல் காட்டினேன்.

இதையெல்லாம் விளையாட்டுக்கு நான் செய்யவில்லை. என் முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோனது. அதற்கு முந்தின வாரம், குடத்தைக் கீழே போட்ட பதற்றத்தில், "ஐயோ, தண்ணி" என்று சொல்லியிருந்தேன். பினாங்கிலிருந்து வந்த மாமியார் இதைக் கேள்விப்பட்டு ஒன்றும் திட்டவில்லை. "அதான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு கனவில்கூட நான் மலாயில்தான் தாகத்தைச் சொன்னேன்.

மறுபடி வயிற்றில் பிள்ளை தங்கியது. நிறைமாதம் ஆனபோது மார்கழி. ஜொகூரில் மார்கழி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேட்டி காய இடம் இல்லை, விறகு பற்றவில்லை, கோழிகள் அடுப்படியை விட்டு நகரவில்லை.

அன்று காலையில் அவர் குடையை எடுத்தார்.

"குளுவாங்குக்குப் போயி மருந்துச்சாமான் வாங்கிட்டு வந்துர்றேன். வலி வந்தப்புறம் நான் எங்கேன்னு ஓடுவேன்?"

"ஊஜான் விடட்டுமே. ஆத்துல ஏறிக்கிட்டே வருதுன்னு சொல்றாங்க."

"என்ன ஏறி வருது?" என்று கேட்டுச் சிரித்தார். என் வாயிலிருந்து அந்தச் சொல்லை எப்படியாவது வரவழைக்க அவருக்கு ஒரு ஆசை. நான் சொல்லவில்லை. "வெள்ளம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஆற்றின் சத்தம் மாறியது. அடுத்த வீட்டு ராக்காயி அக்காதான் தோட்டத்துக்கே பிள்ளைப்பேறு பார்ப்பவர். அவர் தடுத்தும் கேட்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படித்துறைக்கு இறங்கினேன். அக்காவும் என்னைத் திட்டிக்கொண்டே கூட வந்தார். தோட்டத்து ஆண்களில் பெரும்பாலோர் ஸ்டோரில் இருந்தார்கள். ரப்பர் ஷீட் நனையாமல் இருக்க எல்லாவற்றையும் மேட்டுக்கு ஏற்றச் சொல்லித் துரை உத்தரவு போட்டிருந்தார்.

படித்துறையில் பாக் சாமாட் நின்றார். பக்கத்துக் கம்பத்துக்காரர், மீன் பிடிக்கச் சம்பான் என்ற சின்னப் படகு வைத்திருப்பவர். எங்களோடு பேசிப் பேசி அரைத் தமிழ் வந்துவிட்டது அவருக்கு. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அலமாக். பாலம் போச்சு, அஞ்சாலே. ஒரு ஆள் நடந்து வந்தான், பாலம் உடைஞ்சு போச்சு. குடை வெச்ச ஆள். மூங்கில் பக்கம் இழுத்துட்டுப் போச்சு."

தோட்டத்தில் குடை எடுத்துக்கொண்டு போனவர் ஒருவர்தான். நான் ஆற்றுக்குள் இறங்கப் போனேன். ராக்காயி அக்கா பிடித்துக்கொண்டார்.

பாலத்துக்குக் கீழே ஆறு வளையும் இடத்தில் மூங்கில் காடு. அன்றைக்கு அது முழுக்க வெள்ளத்துக்குள் நின்றது. மழை கொட்டிய கொட்டில் பொழுது இருக்கும்போதே இருட்டிப்போய், பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

பாக் சாமாட் சொன்னார். "மூங்கில் பிடிச்சிருந்தா ஆள் இருப்பான். ஆனா எங்கே? சும்மா உள்ளே போனா சம்பானும் போகும், நானும் போவேன். நாமா கூப்பிடு லா. அவன் பதில் கொடுக்கட்டும். குரல் வர்ற பக்கம் நான் போறேன்." நாமா என்றால் மலாயில் பெயர்.

நான் கூப்பிட்டேன். எப்போதும் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படித்தான். "என்னாங்க... என்னாங்கோ..."

பின்னால், எங்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஓர் ஆண் குரல், "என்னாடி?" என்றது. இன்னொரு வீட்டிலிருந்து, "வர்றேன் இரு" என்றது. காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர், "கஞ்சி வேணாம்" என்றார். தோட்டத்தில் எல்லாப் பெண்டாட்டியும் புருஷனை என்னாங்க என்றுதான் கூப்பிடுகிறாள். மழையில் எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பாக் சாமாட்டுக்குப் புரியவில்லை.

"எல்லாப் பக்கமும் பதில் வருது. இது நாமா இல்லே. நாமா சொல்லு."

அவரே கூப்பிட்டுப் பார்த்தார். அவர் நாக்குக்கு என் வீட்டுக்காரர் பெயர் எந்நாளும் வந்ததில்லை. தானா மலாயு என்றுதான் கூப்பிடுவார். மலாயில் அது இந்த நாட்டின் பெயர். கைகளை வாயருகே குவித்து, "தானா மலாயூ, தானா மலாயூ" என்று வெள்ளத்தைப் பார்த்துக் கத்தினார். நாடு பதில் சொல்லவில்லை.

நான் ராக்காயி அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, நீங்க கூப்பிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லல்ல."

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூச்சை இழுத்தார். "தண்ணீ..." என்று ஆரம்பித்தவர், அங்கேயே நின்றுவிட்டார். அவர் முகம் மாறிய பிறகுதான் எனக்கும் நினைவு வந்தது. அக்கா வீட்டுக்காரர் பெயர் மலையாண்டி.

"மொதப் பாதிய நான் சொல்லிட்டேன்டி. மிச்சத்த நீ சொல்லு."

"எனக்கு ரெண்டு பாதியும் ஆகாதுக்கா."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை கொட்டியது. வயிற்றில் பிள்ளை ஒரு புரட்டுப் புரண்டது.

சொந்தங்களே, அந்த நேரத்தில் என் மனசு பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்? பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு போகும். சொல்லாவிட்டால் ஆறு கொண்டுபோகும். முன்பு ஒரு சொல் வாய் தவறியதற்கே ஒரு பிள்ளை போயிற்று என்று நம்பியிருந்தவள் நான். இப்போது வயிற்றில் இன்னொன்று. அழக்கூட எனக்கு வரவில்லை.

எங்கள் கோயில் அப்போது தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டகை. படித்துறையில் நின்றால் அந்தக் கூரை தெரியும். அந்தப் பக்கம் திரும்பினேன். கைகூப்பக்கூடத் தோன்றவில்லை. வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"தாயே, மாரியம்மா. மழையும் உன்னுது, ஆறும் உன்னுது. அவரையும் நீதான் எனக்குக் குடுத்த. நான் அவர் பேரைச் சொல்லப் போறேன். சொன்னா தப்புன்னா அந்தத் தப்ப என் தலையில போடு, அவர் மேல போடாத, பிள்ளை மேல போடாத. அவரைத் திருப்பிக் குடுத்தியானா, பொறக்கிற பிள்ளைக்கும் தண்ணியில பேரு வைக்கிறேன். தெனமும் வாயாரக் கூப்பிடுறேன்."

மழையையும் தண்ணியையும் வேண்டுதலிலேயே சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆற்றைப் பார்த்துத் திரும்பினேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை அடிவயிற்றிலிருந்து வந்தது.

"தண்ணீர்... மலை... தண்ணீர்... மலை..."

கல்யாணமான நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தக் குரலில் சேர்ந்து வந்ததோ என்னவோ, பக்கத்தில் நின்ற ராக்காயி அக்கா காதைப் பொத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. மூச்சு விட்டு, மறுபடி கூப்பிட்டேன்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் லயத்தில் கதவுகள் திறந்தது எனக்குத் தெரியாது. மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர்கள் காதில் விழுந்தது, "தண்ணீர், மலை, தண்ணீர், மலை" என்பதுதான். தண்ணீர் வருகிறது, மலைக்கு ஓடுங்கள் என்று யாரோ கத்துவதாக எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தூக்கினார்கள், ஆடுகளை அவிழ்த்தார்கள், கோழிகளை மடியில் கட்டினார்கள். ஒருத்தி அவசரத்தில் பிள்ளையை விட்டு அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாதியில் பார்த்துத் திரும்பி வந்தாளாம். கஞ்சி வேண்டாம் என்ற காய்ச்சல்காரர் எல்லாருக்கும் முன்னால் ஓடினாராம். துரை பங்களா இருக்கும் மேட்டை நோக்கி மொத்த லயமும் ஏறியது.

நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். குரல் கம்மத் தொடங்கிய நேரத்தில் மூங்கில் காட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"தாயே..."

ராக்காயி அக்கா என் தோளை அழுத்தினார். நான் மறுபடி கூப்பிட்டேன். மறுபடி, "தாயே, இந்தா இருக்கேன்" என்று வந்தது.

பாக் சாமாட் சம்பானைத் தள்ளிவிட்டார். நான் கூப்பிட, அவர் பதில் சொல்ல, பாக் சாமாட் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே மூங்கிலுக்குள் மறைந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சம்பான் திரும்பி வந்தபோது அதில் இரண்டு தலை தெரிந்தது. ஒன்றின் மேல் மருந்துச்சாமான் மூட்டை இருந்தது. குடையை விட்டிருந்தார், மூட்டையை விடவில்லை.

பாக் சாமாட் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார். மூங்கிலைக் கட்டிக்கொண்டு தொங்கியவர், சம்பானைப் பார்த்ததும், "பாக், நீங்களுமா செத்துட்டீங்க?" என்று கேட்டாராம்.

கரையில் என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் விழித்தார். "நீ எங்க இங்க?" என்றார்.

"நான்தானே கூப்பிட்டேன்."

"நீயா? போடி. நீ எங்க என் பேரைச் சொல்லப் போற? அம்மன்தானே கூப்பிட்டா. என் பேரைச் சொல்லி ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சு. வீட்டுல இருக்கிறவ சொல்ல மாட்டா, வேற எவளும் இந்த மழையில என்னைத் தேடி வர மாட்டா. அப்ப அது தாய்தான்னு பதில் சொன்னேன்."

சண்டை போட நேரம் இல்லை. காலடியில் படித்துறைப் படிகளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் கோயில் பக்கத்துக் கரை உடைந்து லயத்துக்குள் ஆறு நுழைந்துகொண்டிருந்தது. எங்கள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு சம்பான் வீடுகளுக்கு நடுவில் போனது. எல்லா வாசலும் திறந்திருந்தது. ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. நான் பயந்து அலறினேன். எல்லாரையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்தேன்.

மேட்டில் ஏறினால் அத்தனை பேரும் அங்கே நிற்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் லயத்துக் கூரைவரை வெள்ளம் ஏறியது. ஓர் உயிர்ச் சேதமும் இல்லை. எங்கள் கங்காணி எல்லாருக்கும் முன்னால் என்னை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நெறமாசப் பொம்பள, ஆத்தங்கரையில நின்னு நம்ம எல்லாத்துக்கும் குரல் குடுத்திருக்கு. தண்ணி வருது மலைக்கு ஓடுங்கன்னு வழி சொல்லியிருக்கு. இந்தப் புத்தி நமக்கு வருமா?"

எனக்குப் பொய்ப் பாராட்டு வாங்க மனசு வரவில்லை. "நான் உங்களக் கூப்பிடலீங்க. எங்க வீட்டுக்காரரத்தான் கூப்பிட்டேன். அது அவர் பேரு" என்றேன்.

வெள்ளம் வந்தபோதுகூட யாரும் அவ்வளவு அதிரவில்லை. பெண்கள் எல்லாரும் வாயில் கையை வைத்தார்கள். வீடு போனதை மறந்துவிட்டு, "பேரச் சொன்னியா? முழுசாவா?" என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ராக்காயி அக்கா சாட்சி சொன்னார். ஒருத்தி மட்டும் மெதுவாக என்னிடம் வந்து, "சொன்னா எப்படிடி இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் வலி வந்தது.

ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீடு ஒன்றுதான் அங்கே ஈரம் இல்லாத இடம். அதற்குள் ராக்காயி அக்கா கையில் என் பிள்ளை பிறந்தான். ஆண் பிள்ளை. நல்ல சத்தமாக அழுதான், புகையாலும் இருக்கலாம். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் ஆற்றில் ஊறி வந்திருந்தன. "அம்மனே பாதிக் கஷாயம் போட்டு அனுப்பியிருக்கா" என்றார் அக்கா.

வெள்ளம் வடிந்து, லயத்தைக் கழுவி, நாங்கள் இறங்கி வந்த பிறகு பெயர் வைக்கும் நாள் வந்தது. என் வேண்டுதல் தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. தண்ணியில் ஒரு பெயர் வேண்டும். அன்றைக்கு ஒவ்வொருவரும் ஒரு பெயரோடு வந்தார்கள். கங்காணி சமுத்திரம் என்றார். அது அவர் அப்பா பெயர் என்று ராக்காயி அக்கா என் காதில் சொன்னார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, வருணன் என்றார். அது நல்ல பெயர்தான், ஆனால் எங்கள் லயத்தில் அதைக் கருணன் என்றுதான் கூப்பிடுவார்கள், தண்ணி காணாமல் போய்விடும். அக்கா கார்மேகம் என்றார். "பிள்ளை செவப்பா இருக்கானே" என்றார் என் வீட்டுக்காரர். காவேரி, பொன்னி, கங்கா என்று ஆசை ஆசையாக யோசித்து வைத்திருந்த பெண்கள் பையனைப் பார்த்து ஏமாந்து நின்றார்கள். பாக் சாமாட் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு வந்திருந்தார். அவர் பங்குக்கு பாஞ்சிர் என்றார். மலாயில் வெள்ளம். "கூப்பிட ஈஸி லா" என்றார்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அன்று உயிர் போகிற நேரத்தில் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னது வேறு. தினமும் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பிள்ளை பெயரில் தண்ணீர் இருக்க வேண்டும், ஆனால் அவர் பெயர் இருக்கக்கூடாது. இதைப் பண்டாரத்திடம் சொன்னேன்.

பண்டாரம் கண்ணை மூடி யோசித்தார். "தீர்த்தகிரின்னு வைம்மா" என்றார்.

"அதுல தண்ணி இருக்குங்களா?"

"நெறைய இருக்கு."

கேட்கவும் கம்பீரமாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். பிள்ளை காதில் மூன்று தடவை சொன்னேன். தீர்த்தகிரி.

வேண்டுதலை நான் குறையில்லாமல் நிறைவேற்றினேன். "தீர்த்தகிரி, அழாத." "தீர்த்தகிரி, பால் குடி." காலையிலிருந்து இரவுவரை அந்தப் பெயர்தான் என் வாயில். நான் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் எங்கே இருந்தாலும் ஒரு சிரிப்போடு திரும்பிப் பார்ப்பார். பிள்ளைமேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை தவழத் தொடங்கிய சமயம் தங்காக்கிலிருந்து ஒரு ஜவுளிக்காரர் சேலை மூட்டையோடு லயத்துக்கு வந்தார். கொஞ்சம் படித்தவர், பேச்சு அதிகம். பிள்ளையைத் தூக்கிப் பெயர் கேட்டார். சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். நான் தயங்க, ராக்காயி அக்கா முதல் பாதியைச் சொல்லி, மேட்டைக் கையால் காட்டினார்.

ஜவுளிக்காரர் சிரித்துவிட்டார். "அப்பா பேரையே மகனுக்கும் வச்சிருக்கீங்களே. தீர்த்தம்னாலும் தண்ணிதான், கிரின்னாலும் மலைதான்."

 கையிலிருந்த சேலையைக் கீழே போட்டேன். இத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை, கட்டினவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மூக்கச் சிந்து" என்றும் "அடி வாங்கப் போற" என்றும் சொல்லியிருக்கிறேன்.

அவர் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நீ கூப்பிடுறப்ப கேக்க நல்லா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் பிள்ளை தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்தான். இரண்டு பேரையும் பார்த்தேன். அத்தனை மாதம் சொல்லியும் அவருக்கு ஒரு தலைவலி வந்ததில்லை. பிள்ளை லயத்திலேயே கொழுத்த பிள்ளையாக இருந்தான். அப்போதுதான் என் முதல் பிள்ளை போனது என் நாக்கால் இல்லை என்று எனக்குப் புரிந்தது. கதவோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று அம்மன் வெளியே இழுத்தது அவரை மட்டும் இல்லை. இந்தப் பயத்திலிருந்து என்னையும் இழுத்துப் போட்டிருக்கிறாள்.

இப்போது பையன் தோட்டத்துப் பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் பிறந்தாள், அவளுக்குக் காவேரி என்று வைத்து, காத்திருந்த பெண்களின் ஆசையையும் தீர்த்துவிட்டோம். தாகம் எடுத்தால் நான் தண்ணீர் கேட்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. அன்று மூங்கில் காட்டில் தன்னைக் கூப்பிட்டது அம்மன்தான் என்று அவர் சொல்கிறார். குரல் கம்மிப் போய் ஒரு வாரம் கஷாயம் குடித்தவள் நான் என்று நான் சொல்கிறேன். வருஷா வருஷம் கூழ் வார்க்கும் நாளில் இந்தச் சண்டை நடக்கும். இன்றைக்கும் காலையில் நடந்தது.

ஆனால் இப்போது அவர் அண்டாப் பக்கம் இருக்கிறார், காதில் விழாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன். எனக்கும் சந்தேகம்தான். அப்படி ஒரு குரல் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வரவில்லை. லயத்து ஜனங்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. தோன்றியவள் வேறு யாரோ.

உங்கள் வீட்டிலும் ஒரு கஷ்டம் இருக்கும். முறையாகக் கேட்கத் தெரியவில்லையே, தப்பாகக் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயந்துகொண்டு சும்மா இருக்காதீர்கள். தாயிடம் நேராகக் கேளுங்கள், வாய் குழறினாலும் கேளுங்கள். அவள் யார் வாயை எடுத்துப் பதில் சொல்வாள் என்று நமக்குத் தெரியாது. அன்று என் வாயை எடுத்துக்கொண்டாள். நான் பெரிய பக்தை என்பதால் இல்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.